ஆறாம் குழாய்

“அண்ணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ‘தப்பா சொல்லிட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மெஷினை நிறுத்திடலாம்.”

“நிறுத்தறதுக்கா காலையில ஆறு மணிக்கே வந்து கிளவுஸ் மாட்டினேன்? ஓடட்டும்.”

கிளவுஸ் மாட்டியவள், ஆய்வுக்கூடத்தின் தலைவிக்கு அண்ணன் மனைவி. லேப் கதவைத் தாண்டினால் உறவு கிடையாது என்று சேர்ந்த அன்றே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கோபம் வந்தால் மட்டும் தலைவியின் வாயில் ‘அண்ணி’ வந்துவிடும். இன்று காலையிலிருந்து அது பதினோராவது முறை.

சண்டை ஒரு நொதியைப் பற்றி.

பாக்டீரியாவுக்குள் புரதம் கட்ட அமினோ அமிலங்களைத் தூக்கிக்கொண்டு போகும் சுமைதூக்கிகள் உண்டு. கடத்து ஆர்.என்.ஏ என்று பெயர். நாலே வகை வேதி எழுத்துகளைக் கோத்த சங்கிலிகள்; பார்க்க எல்லாம் ஒரே அச்சு. ஆனாலும் நொதி ஆள் மாறாமல் பிடித்து, அவரவருக்கு உரிய மூட்டையை ஏற்றிவிடுகிறது. எதைப் பார்த்து?

“அடியில இருக்கிற மூணெழுத்தைப் பார்த்துத்தான். அதுதான் அதோட அடையாள அட்டை” என்பது தலைவியின் கட்சி. பதினைந்து வருடமாக அதைத்தான் எழுதி வருகிறாள்.

“நம்ம என்சைம் அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. மேல, மூட்டை ஏத்துற முனைகிட்ட ஒரே ஒரு ஜோடி எழுத்து இருக்கு. அதைத் தடவிப் பார்க்குது, ஏத்துது. அவ்வளவுதான்” என்பது அண்ணியின் கட்சி.

நாளை ஆய்வுக்குழு கூடுகிறது. அண்ணி சொல்வது உண்மையானால் அவள் வேலை மூன்று வருடம் நீளும். பொய்யானால் இந்த மாதத்தோடு மேசையைக் காலி செய்ய வேண்டும்.

அதற்குத்தான் இந்தப் பரீட்சை. ஆறு குழாய்கள். எதில் என்ன இருக்கிறது என்பது தலைவிக்கு மட்டுமே தெரியும். அண்ணி எல்லாவற்றிலும் நொதியையும், கதிரியக்க அடையாளம் போட்ட அமினோ அமிலத்தையும் சேர்த்து, வடிதாளில் பிடித்துக் கழுவி, எண்ணும் இயந்திரத்தில் வைத்துவிட்டாள். மூட்டை ஏறியிருந்தால் எண் ஆயிரக்கணக்கில் வரும். ஏறாவிட்டால் ஐம்பதைத் தாண்டாது. எண் வந்ததும் குழாயில் இருப்பதைத் தலைவி சொல்லிவிட வேண்டும்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்து நாலு வருடம் ஆகியும் பெயர் போகவில்லை.

“ஒண்ணு... நாலாயிரத்து இருநூறு.”

“அது அசல். ஏறத்தான் செய்யும்” என்றாள் தலைவி.

“ரெண்டு... நாலாயிரத்து நூறு.”

“மூணெழுத்தை மாத்தினது.” குரல் கொஞ்சம் இறங்கியது.

“அட்டையை மாத்தியும் ஏத்தியிருக்கே மேடம்!”

“எண்ணைப் படிங்க மீசை. உரை எல்லாம் வேண்டாம்.”

“மூணு... முப்பத்தெட்டு.”

“மேல் ஜோடியை மாத்தினது.”

அண்ணி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நான்காவதில் தலைவி இரண்டையும் மாற்றியிருந்தாள், நாற்பத்தொன்று. ஐந்தாவதில் மூன்றெழுத்தை வேறு விதமாக மாற்றியிருந்தாள், மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

“என்ன மேடம், முகம் வாடுது? ஃபேனைப் போடவா?” என்றாள் அண்ணி.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணி.”

“கடைசிக் குழாய்தானே? தண்ணி. படிச்சு முடிங்க மீசை, காபி குடிக்கப் போகலாம்.”

அது அந்த லேப்பின் பழக்கம். கடைசிக் குழாயில் வெறும் தண்ணீர். யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. தண்ணீரில் எண் ஏறினால் எங்கோ கலப்படம் என்று அர்த்தம். மற்ற ஐந்தும் குப்பைக்கூடைக்குப் போக வேண்டும்.

“ஆறு...” மீசை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “மூவாயிரத்து எண்ணூறு.”

அண்ணி எட்டி எண்ணைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை ஓட்டுங்க” என்றாள் அண்ணி.

ஓட்டினார். அதே எண்தான்.

தலைவி பக்கத்து முக்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க அண்ணிக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“பாவம் எல்லாம் பார்க்காதீங்க. தண்ணியில ஏறினா ஏறினதுதான். என் கைதான் எங்கேயோ தவறியிருக்கு.” இயந்திரத்தைத் திறந்தாள்.

“மூணும் நாலும் சுத்தமாத்தானே இருந்தது மேடம்?” என்று மீசை வாதாடினார்.

“விதி விதிதான் மீசை. இதே விதியைச் சொல்லி நான் எத்தனை பேரோட வேலையைக் குப்பையில போட்டிருக்கேன்! எனக்குன்னு வந்தா வளைக்கறதா?” ஆறு வடிதாள்களையும் வாரிக் கழிவுப் பெட்டியின் மேல் நீட்டினாள். “நாளைக்கே மேசையைக் காலி பண்ணிடறேன். உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“அண்ணி!” தலைவி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஆறாவதுல தண்ணி இல்லை. உங்களை மடக்கணும்னே ஒரு வாரமா ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நான் செஞ்சது அது. மூணெழுத்து இருக்கிற அடிப்பாகத்தை மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டு, உங்க ஜோடி இருக்கிற நுனித்துண்டை மட்டும் வெச்சேன். அட்டை மட்டுமில்ல, பாதி ஆளே இல்லை அதுல. அதுக்கும் மூட்டையை ஏத்திடுச்சே அண்ணி!”