பாங்குக்கு என்னைக் கண்டா பயம்

“இவ்வளவு நாள் இல்லாத அபராதம் இப்ப எங்கேருந்தும்மா வந்துது?”

லாண்டரிக்காரர் கேட்டது பாங்கின் வாசல் வரை கேட்டது. இரண்டு சலவை மெஷின்களுக்கு நடுவே நின்று பேசிப் பழகிய குரல். ரகசியம் சொன்னாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

“மெதுவா கேளுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

“பார்க்கட்டும். பகல் கொள்ளை நடக்குதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “இருந்ததுக்கு மேல எடுத்திருக்கீங்க சார். கணக்கு மைனஸ்ல போயிருக்கு. ஓவர்டிராஃப்ட் விதி மாறினது தெரியும்ல? முன்னாடி மாசக் கடைசியில மொத்தமா ஏதோ கொஞ்சம் பிடிப்போம். இப்ப ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி அபராதம்.”

“விதி மாறினப்புறமும்தான் அஞ்சாறு தடவை மைனஸ் போயிருக்கேன். ஓட்டல்காரன் துணியை இன்னிக்குப் போடுவான், காசை அடுத்த மாசம் குடுப்பான். அது வரைக்கும் கரன்ட் பில் காத்திருக்குமா? அப்பல்லாம் ஒரு பைசா பிடிச்சீங்களா?”

அது உண்மைதான். விதி மாறியதிலிருந்து பக்கத்துக் கடை தையல்காரர் மூன்று தடவை அபராதம் கட்டிவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தார். “என்னைத் தொட மாட்டாங்க. பாங்குக்கு என்னைக் கண்டா பயம்” என்று லாண்டரிக்காரர் அவரிடம் மார்தட்டியிருந்தார். இப்போது காசோடு சேர்ந்து மானமும் போய்விட்டது.

“புது விதியில ஒரு சலுகையும் இருக்கு சார். மைனஸ் போனா காலையில ஃபோனுக்கு மெசேஜ் வரும். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டிட்டா அபராதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கட்டியிருக்கீங்க. போன வாரம்தான் கட்டலை.”

“நான் எப்பம்மா கட்டினேன்?”

“கவுன்டர்ல ரொக்கமா கட்டியிருக்கே. எவ்வளவு குறையுதோ சரியா அவ்வளவு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் போன வாரம்தான் இந்தக் கிளைக்கு வந்தேன், யார் வந்து கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது.”

லாண்டரிக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் முதல் தடவையாக இறங்கியது. “நீயா?”

“நீங்க குடுக்கிற காசுல காய்கறிக்கடையிலேயே நான் மைனஸ்லதான் ஓடிட்டிருக்கேன். நான் எங்கேருந்து கட்டறது?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“சரி, அந்த மெசேஜ் எனக்கு வரவே இல்லையே?”

“போயிருக்கு சார். கடைசி மூணு நம்பர் நாலு, நாலு, ஏழு.”

“அது என் நம்பரே இல்லை.”

“என் தங்கச்சி வீட்டுக்காரர் நம்பர்ங்க அது” என்றாள் மனைவி.

லாண்டரிக்காரருக்கு நினைவு வந்தது. ஊரார் பாக்கெட்டையெல்லாம் தடவிப் பார்த்துத் துணி போடுகிறவர், கணக்குத் தொடங்கிய வாரத்தில் தன் பேன்ட் பாக்கெட்டை மறந்துவிட்டார். ஃபோன் பளிச்சென்று வெளுத்து வந்தது. பாங்குக்குத் துணையாக வந்த சகலை, “இப்போதைக்கு என் நம்பரைக் குடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார். மாற்றவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள், பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற சகலையிடம் மூன்றாவது மெஷின் வாங்கக் கைமாற்று கேட்டார். “கையில இல்லை சகலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அவர். அன்றிலிருந்து அவருக்கு லாண்டரிக்காரர் வைத்த பேர் ‘பூட்டு’. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு நின்றது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

“பார்த்தியா பூட்டோட வேலையை. நான் மைனஸ் போறதையெல்லாம் உட்கார்ந்து படிச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சந்தோஷப்பட்டானோ.”

“ஏங்க, கட்டினது யாருன்னு கொஞ்சம் யோசிச்சு…”

“அவனா? மீதிச் சில்லறை வாங்காம பஸ்ஸை விட்டு இறங்காத ஆளு அவன். ஓட்டல்காரன் எவனாவது பாக்கியைக் கட்டியிருப்பான். மெசேஜ் வந்திருக்குன்னு ஒரு ஃபோன் பண்ணி இவன் சொல்லியிருந்தா எனக்கு இந்த அபராதமே இல்லை. இன்னிக்கு நாலு வார்த்தை நறுக்குனு கேட்கறேன்.”

“கேட்டீங்கன்னா அப்புறம் என் தங்கச்சி முகத்துல நான் எப்பவும் முழிக்க முடியாது. ஃபோனை உள்ள வைங்க.”

அவர் வைக்கவில்லை. நம்பரைத் தட்டினார். மெஷின் சத்தத்தில் காதில் வைத்தால் கேட்காது என்று அவர் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அந்தப் பக்கம் மணி அடிப்பது பாங்க் முழுக்கக் கேட்டது. கவுன்டர் பெண் நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

லாண்டரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

“கோவிச்சுக்காதீங்க சகலை. போன வாரம் மெசேஜைப் பார்த்துட்டு பாங்க் வரைக்கும் வந்தேன், அன்னிக்குப் பார்த்து என் கணக்கும் மைனஸ்ல கிடந்துது. எவ்வளவு பிடிச்சாங்கன்னு சொல்லுங்க, சம்பளம் வந்ததும் கட்டிடறேன்.”