சத்தமில்லாத கார்

"இதுலயும் சத்தம் கேட்குதே" என்று நாலாவது காரிலிருந்தும் இறங்கிவிட்டார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் அவளுக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் மதியம் மருந்துக்கடைக்குள் நுழைந்தால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். கிடைத்த அந்த ஒரு நாளையும் மூன்று வாரமாகக் கார் ஷோரூம்களில் தொலைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் வீட்டில் இருக்கிற காருக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் ஐந்தாறு வருஷம் தாராளமாக ஓடும் என்று மெக்கானிக்கே சொல்லியிருந்தார். திடீரென்று ஒருநாள் இவர், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வாங்கலாம் என்று ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டாள். பெட்ரோல் மிச்சமாகும் என்றார்.

அதுவும் நியாயம்தான். ஊருக்கு வெளியே புறநகரில் குடியிருப்பவர்கள். அவருடைய அச்சகத்துக்குப் போய்வர நாற்பது கிலோமீட்டர். அதில் பாதி தூரம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்றுதான் போக வேண்டும். அப்படி நின்று போகிற இடத்தில்தான் ஹைபிரிட் நிறைய மிச்சம் பிடிக்கும் என்று அவளும் படித்திருந்தாள்.

அதனால் அவளும் மும்முரமாக இறங்கினாள். பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர்களுடைய பையும் சண்டையும் அடங்குமா, பேட்டரி போக டிக்கியில் இடம் மிஞ்சுமா, பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

அவர் அந்தத் தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மைலேஜ் எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். பேட்டரியில் ஓடும்போது எஞ்சின் அடியோடு நின்றுவிடுமா, எவ்வளவு மெதுவாகப் போனால் நிற்கும், வளைவில் திரும்பும்போது திடீரென்று உறுமாதே என்று துருவித் துருவிக் கேட்டார். அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் அவர் வேலை. அங்கே விட்டுப்போன பிழையையெல்லாம் இங்கே வந்து தேடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. இதுவரை பார்த்த வண்டிகளில் பேட்டரி சின்னது, எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும்தான் என்று விளக்கினாள். இன்னொன்று இருக்கிறதாம். மெதுவாகப் போகும்போது எஞ்சினை எழுப்பாமல் பேட்டரியிலேயே போய்விடுமாம். ஆனால் விலை கூட.

அவர் விலைக்கு முகம் சுளிக்கவில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் தங்கள் வீட்டுத் தெருவரைக்கும்.

விற்பனைப் பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். தெருவுக்குள் திரும்பும்போது மணி சரியாக மாலை ஆறு. அவர் வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் அடங்கிப்போனது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மட்டும் மெல்லியதாக ஒரு ரீங்காரம். வண்டி பூனைபோலப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு வாசல் வந்தது. அவர் உள்ளே விடவில்லை. பக்கத்து வீட்டு கேட்டை ஒட்டி நிறுத்தினார். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு உடம்பே கூசியது. அந்த வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முப்பத்தெட்டு வயது. அவர் ஓட்டிய காரைப் போன மாதம்தான் அவர் மனைவி விற்றாள். அந்த வீட்டு முன்னாலா புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்துவது?

பின்னால் இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சமாவது யோசிச்சீங்களா? அவங்க ஜன்னல் வழியா பார்த்தா மனசு என்ன பாடுபடும்? யாருக்குக் காட்டறதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அந்த வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. பட்டாணி என்று தெருவே கூப்பிடும் நாலு வயதுப் பெண், தானாக எதையோ ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். பாட்டு நிற்கவில்லை. கதவும் திறக்கவில்லை.

அவர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். "இதையே வாங்கிடலாம்" என்றார்.

"எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"நீ கடையில இருக்கற நேரம் அது, உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த வீட்டுக்காரரும் நானும் தினம் ஆறு மணிக்குத்தான் அவரவர் கார்ல வந்து சேருவோம். இப்ப நான் மட்டும் வர்றேன். உன்கிட்ட சொன்னா, ஆறு மணி ஆனா அங்க உனக்கு வேலை ஓடாது. அதான் சொல்லலை."

"என்ன சொல்லலை?"

"வாசல்ல எஞ்சின் சத்தம் கேட்டா போதும், பட்டாணி 'அப்பா'ன்னு கேட் வரைக்கும் ஓடி வரும். செருப்பைக்கூட கால் மாத்திப் போட்டுக்கிட்டு வரும். வந்து என் மூஞ்சியைப் பார்க்கும். அழாது, ஒண்ணும் கேட்காது. அப்படியே திரும்பிப் போயிடும். இந்த அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தாம்மா, நான் வந்தும் அது ஓடி வரலை."