வளைகாப்பு வளையல்

தாம்பரம் ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் ஜோதிலட்சுமியின் மணிக்கட்டில் விழுகிறது. எட்டாம் மாதம். போன பிரசவத்தில் வலிப்பு வந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள். அந்த வலிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வந்திருக்கிறாள். பிரஷர் பார்த்து முடித்த சிஸ்டர் ருக்ஸானா அவள் கையைத் தூக்குகிறாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் சதைக்குள் பதிந்து சத்தமில்லாமல் நிற்கின்றன. "சதை போட்டுகினான்னு சந்தோசப்பட்டேன் சிஸ்டர்," என்கிறான் புருசன் சின்னதம்பி, மூட்டை தூக்குகிறவன். "சதை இல்லண்ணா, வீக்கம். பிரஷர் ஏறிகீது. உடனே அட்மிட் பண்ணணும். வளையலை உடைச்சிடுங்க." ஜோதிலட்சுமி கையை இழுத்துக்கொள்கிறாள். "புருசன் உயிரோட கீறப்பவா?" சின்னதம்பி அவள் எதிரே குந்துகிறான். தோள் துண்டை வளையலின் மேல் சுற்றுகிறான். "உயிரோட கீறவன்தான்டி உடைக்கிறேன். நீ இருந்தா போதும்." காய்ப்பேறிய விரல்கள் மெல்ல அழுத்துகின்றன. ஒரு வாரமாக ஊமையாயிருந்த வளையலிலிருந்து முதல் சத்தம் கேட்கிறது.