நம்மவூர் என்ற பெயர்

"தொழுதுட்டு வந்துடுறேன்டி, என் சிஸ்டத்தையும் கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஷரீபா ஹாஸ்டல் பக்கம் போனதுதான் தாமதம், ஜெயசித்ரா சர்வருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

எம்.சி.ஏ. லேப்பில் வேறு ஆள் இல்லை. புராஜெக்ட் பார்க்க எக்ஸ்டெர்னலாகத் திருச்சியிலிருந்து வந்திருந்த வைத்திலிங்கம் சார் சாப்பிடப் போயிருந்தார்.

நல்ல புராஜெக்ட் செய்த ஒருவருக்குத் தன் கம்பெனியிலேயே வேலை தருவதாக அவர் காலையில் சொன்னார். சொல்லும்போது கண் ஷரீபா பக்கம் போனது. ஜெயசித்ரா அதைப் பார்த்துவிட்டாள்.

வயிறு எரிந்தது.

துபாயில் அத்தா சம்பாதிக்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு? குன்னத்தில் பருத்தி போட்டு, மழையிடம் ஏமாந்து ஏமாந்து நிற்கிற வீட்டுக்கல்லவா அது வரவேண்டும்? போதாக்குறைக்கு இந்த ஷரீபா எதைச் செய்தாலும் வேர்க்காமல் செய்தாள். ஜெயசித்ரா இரண்டு நாள் முட்டிக்கொண்டதை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளோடு மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும்.

லேப்பில் எல்லோருடைய ஜாவா புரோகிராமும் ஓடுவது அந்த ஒரு சர்வரில்தான். டேட்டாபேஸ் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பதைப் புரோகிராம் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பெயரைச் சொல்லிச் சர்வரிடம் கேட்கும். சர்வரின் பைலில் அந்தப் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் முகவரியைச் சர்வர் எடுத்துக் கொடுக்கும்.

ஷரீபா வைத்த பெயர், நம்மவூர்.

ஜெயசித்ரா பைலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினாள். கர்சர் நேராக அங்கே போய் நின்றது. முகவரியின் கடைசியில் இருந்த 7-ஐ 1 ஆக்கினாள். சர்வரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மனசு குளிர்ந்து போயிருந்தது.

சாப்பாடு முடிந்து வந்த வைத்திலிங்கம் ஷரீபாவைத்தான் முதலில் கூப்பிட்டார். அவளுடையது சின்ன வெங்காய விலை சொல்லும் புராஜெக்ட்.

அவள் பட்டனைத் தட்டினாள். செட்டிகுளம் விலை வந்தது. அரியலூர் விலை வந்தது. எல்லாம் பிசகில்லாமல் வந்தது.

ஜெயசித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து அவள் முறை. அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு வரும் லாரிகளுக்கு வரிசைப்படி டோக்கன் கொடுக்கும் புராஜெக்ட். தட்டினாள். திரை அப்படியே நின்றது. பிறகு சிவப்பாக ஒரு வரி வந்தது: நம்மவூர், தொடர்பு கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தை மாதத்தில் ஒருநாள், டேட்டாபேஸ் ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, ஷரீபா கொடுத்த புரோகிராம் வரிகளை ஜெயசித்ரா அப்படியே வாங்கித் தன்னுடையதில் ஒட்டிக்கொண்டாள். வேலை நடந்தது. பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ஷரீபா வைத்த பெயரும் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது.

"என்னம்மா ஆச்சு? அஞ்சு நிமிஷம் தரேன், பாரு" என்றார் வைத்திலிங்கம்.

ஷரீபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். காதருகே குனிந்தாள்.

"எக்ஸ்டெர்னல் எல்லார் கோடையும் தொறந்து பாப்பாருன்னு சொன்னாங்கடி. ரெண்டுலயும் ஒரே பேரு இருந்தா நீதான் காப்பியடிச்சன்னுவாரு. அதான் காலையிலயே என்னோடத வேற பேருக்கு மாத்திக்கிட்டேன். நம்மவூர் இப்ப ஒனக்கு மட்டுந்தான். அத யாருடி தொட்டா?"

அந்தக் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. ஜெயசித்ராவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அதற்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது பொறாமைதான். நல்ல மனசு கூட இவளுக்குத்தானா?

ஷரீபா சர்வரின் பைலைத் திறந்தாள். ஜெயசித்ராவுக்கு வரி தெரியும், எண் தெரியும். இதுதான் என்று விரலை நீட்டினால் முடிந்தது. நீட்டினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். விரலை மடக்கிக்கொண்டாள்.

வைத்திலிங்கம் எழுந்து வந்து ஷரீபாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஷரீபா தன் புதுப் பெயருக்கு நேரே இருந்த முகவரியையும் நம்மவூருக்கு நேரே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டர்தான், கடைசி எண் மட்டும் உதைத்தது. 1-ஐ 7 ஆக்கிச் சர்வரை மறுபடி ஓடவிட்டாள்.

ஜெயசித்ராவின் திரையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன.

வைத்திலிங்கம் அதைப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஷரீபா பக்கம் குனிந்தார்.

"உன் பேரு என்னம்மா சொன்ன?"