ஆரம்ப விலை

"அந்த மொதக் கட்டத்தை எடுத்துடும்மா. பன்னெண்டு ரூபா சாப்பாடு வெப்சைட்ல வாணாம்."

விலைப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் காட்டிய நாளிலிருந்து சாராள் போனில் இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை.

"அக்கா, விலைப் பக்கத்துக்கு அதுதான் உயிரே," என்றாள் ஹரிப்ரியா. "பன்னிரண்டு ரூபாயில ஆரம்பம்னு பார்த்தாதான் உள்ளே வருவாங்க. வந்தவங்க முப்பது ரூபா சாப்பாட்டைத்தான் கேப்பாங்க. அதான் அதை நடுவுல, பச்சைக் கட்டத்துல, பெரிசா போட்டிருக்கேன். என்னை நம்புங்க."

"நம்பாமயா உன்னாண்ட குடுத்தேன்? இருந்தாலும் அது வாணாம். குழம்பு கொதிக்குது, வச்சிடறேன்."

ஹரிப்ரியா வார நாட்களில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரி. சனி, ஞாயிறுகளில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பாள். படூரில் மெஸ் நடத்தும் சாராளுடையது நாலாவது. குறைந்த விலையை ஒளித்து வைக்கிற கடைக்குக் கூட்டம் சேராது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆர்டர் குவிந்தால் அக்காவே புரிந்துகொள்வாள் என்று, எதையும் எடுக்காமல் வெள்ளிக்கிழமையே சைட்டை ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அவள் மெஸ்ஸுக்குப் போனபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரவிச்சந்திரன் சார். ரோட்டுக்கு அந்தாண்ட புதுசா வந்துக்கீதே கம்பெனி, அதுல அட்மின் மேனேஜர்," என்றாள் சாராள். "ஆபீஸ் ஸ்டாஃபுக்கு தெனம் எரநூறு சாப்பாடு கேக்குறாரு."

"உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்," என்றார் அவர். "விலையெல்லாம் பளிச்சுனு இருக்கு."

ஹரிப்ரியா சாராளைப் பெருமையாகப் பார்த்தாள்.

"அதுல பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சாப்பாடு போட்டிருக்கே. அது யாருக்கு?"

"அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல சார்," என்றாள் சாராள், கண்ணைக்கூட இமைக்காமல். "டிசைன் பண்ற பொண்ணு தப்பா போட்டுடுச்சி. முப்பதுக்குக் கம்மியா இங்க இலையே விழாது."

ஹரிப்ரியாவுக்கு முகம் சுட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசல் தெரிந்தது. அங்கே நீலச் சட்டை வாட்ச்மேன்கள் நாலு பேர் அதே சாதத்தை, அதே சாம்பாரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ரூபாய்தான். போன வாரம் போட்டோ எடுக்க வந்தபோது அவர்களே சந்தோஷமாகச் சொன்ன விலை.

"நானும் பார்த்தேன், பன்னிரண்டு ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகும்னு," என்றபடி எழுந்தார் ரவிச்சந்திரன். "முப்பதுன்னா சரி. திங்கட்கிழமை ஆர்டர் அனுப்பிடறேன்."

அவர் கார் கிளம்பும்வரை பொறுத்திருந்தாள் ஹரிப்ரியா.

"என்மேல பழி போட்டீங்க, போகட்டும். பின்னாடி உக்காந்து சாப்பிடறவங்களையே இல்லைன்னுட்டீங்களேக்கா. பெரிய கம்பெனி வந்ததும், ஏழைங்க சாப்பிடற இடம்னு சொல்லிக்க வெட்கமாயிடுச்சா?"

சாராள் கோபப்படவில்லை. இலையைப் போட்டு, அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மொதல்ல துன்னு. அவருக்கு முன்னால உன்ன அப்படிச் சொன்னது தப்புதான். எனக்கு அந்த நேரத்துல வேற வழி தெரியல."

"வழியா? எதுக்கு?"

"வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு தெரியுமா? அந்தக் கம்பெனி வாட்ச்மேனுங்கதான். சாப்பாட்டு பேட்டான்னு ஆளுக்குத் தெனம் முப்பது ரூபா குடுக்குறாங்க. இங்க பன்னெண்டுல வயித்த ரொப்பிக்கினு, மீதிய வூட்டுக்கு அனுப்புறானுங்க. ஒருத்தன் புள்ளைக்கு ஸ்கூல் பீஸே அதுலதான் கட்டுறான்."

ஹரிப்ரியாவின் கை சாதத்திலேயே நின்றது.

"அதுக்கும் வெப்சைட்டுக்கும் என்னக்கா?"

"வெப்சைட்ட வாட்ச்மேனா உக்காந்து பாக்கப் போறான்? அவனுக்கு பேட்டா போடுறவர்தான் பாப்பாரு. இப்ப வந்துட்டுப் போனாரே, அந்த ரவிச்சந்திரன் சார்தான் அது. பன்னெண்டு ரூபாய்ல ஒரு சாப்பாடு கீதுன்னு தெரிஞ்சா, திங்கக்கெழமையே முப்பதப் பன்னெண்டாக்கிடுவாரு."