வலது கைக்கு இரண்டு வளையங்கள்

பொம்மையின் வலது கையில் இரண்டாவது ஓட்டையைப் போடுவதற்கு முன் ஓத்தகார் டிரில்லை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார்.

மற்ற நூல்பொம்மைகளுக்கெல்லாம் கைக்கு ஒரு வளையம்தான். புறங்கையில் ஒரு சின்ன வளையத் திருகாணி, அதில் ஒரு நூல், முடிந்தது வேலை. பில்ஸென் சந்தைக்கு விற்பனைக்குப் போகிற ராஜா பொம்மைக்கும் அதுதான், சாத்தானுக்கும் அதுதான்.

இந்தப் பொம்மையின் வலது கைக்கு மட்டும் இரண்டு. புறங்கையில் ஒன்று, முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று. அப்போதுதான் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்ட முடியும்.

தம்பி ரதெக் அப்படித்தான் ஆட்டுவான். ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்றுகொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஓத்தகாருக்குத்தான் மானம் போகும்.

ரதெக்கை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது.

அவன் மகள் யோஹன்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அப்பா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், தூங்கச் சொன்னால் தூங்குவாள். அப்பா என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுப்பதில்லை. நாளைக்கு இறந்தவர்கள் தினம். ஊரே கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றும். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நீங்களாவது அவளைப் பேச வைங்களேன்" என்று அவள் அம்மா இவோனா மூன்று வாரத்துக்கு முன்பே வந்து அழுதுவிட்டுப் போனாள்.

மரம் செதுக்குகிறவனிடம் போய்க் கேட்டால் அவன் வேறு என்ன செய்வான்? அன்றைக்கே உளியைக் கையில் எடுத்தார்.

முகம் தானாகவே வந்தது. முப்பத்தெட்டு வருஷம் பார்த்த முகம் அல்லவா.

லிண்டன் மரம் மெத்தென்றிருக்கும். ஆனால் மெலிந்த இடத்தில் மகா ரோஷம் அதற்கு. ஓட்டை போடாமல் திருகினால் பிளந்துகொள்ளும். ஊசிபோன்ற பிட்டை வைத்து ஓட்டையைப் போட்டார். பிறகு பிட்டைக் கழற்றிவிட்டு, ஆணியை வளைத்துத் தானே செய்துவைத்திருந்த கொக்கியை டிரில்லின் வாயில் பொருத்தினார். திருகாணியின் மரையில் சோப்பைத் தேய்த்து, வளையத்தைக் கொக்கியில் மாட்டி, விசையைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார்.

"எத்தனை சுத்து, பெரியப்பா?"

"எட்டு. அதுக்கு மேல ஒரு சுத்து போனா இந்தத் திருகாணி மகராசிக்குக் கோவம் வந்து கழுத்தை முறிச்சுக்குவா."

யோஹன்கா சிரிக்கவில்லை. உதட்டுக்குள் எண்ணினாள். எட்டாவது சுற்றில் வளையம் நூலுக்கு நேராக வந்து நின்றது.

கடைசி நூலையும் கட்டினார். நூல்களின் மறுமுனை கட்டியிருந்த மேல்கட்டையைப் பிடித்துப் பொம்மையை மேஜைமேல் நிறுத்தி, வலது கை நூல்களை இழுத்தார்.

ரதெக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

அவனேதான். வந்துட்டியாடா படுபாவி, என்று ஓத்தகாருக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"இது யாரு?" என்றாள் யோஹன்கா.

"யாருன்னா கேக்குற? மூக்கைப் பாரு, அந்தக் காதைப் பாரு. உன் அப்பாதான்."

"மூஞ்சி அப்பாதான். கை வேற யாரோடதோ."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தக் கைக்கு எத்தனை நாள் உழைத்திருக்கிறார்!

அவள் எழுந்து வந்து பொம்மையை மேஜை விளிம்பில் உட்கார வைத்தாள். நூல்கள் தொய்ந்தன. அந்த வலது கையை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கி, அதன் மடியில் உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்தாள். மர விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டாள்.

"அப்பா கை எப்பவும் தூங்கும், பெரியப்பா. நான்தான் எடுத்து வைப்பேன்."

ரதெக் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. அதற்குப் பிறகு அந்தக் கை தானாக அசைந்ததே இல்லை. கோட்டுக்குள் நுழைத்துவிட்டது, சாப்பாட்டு மேஜையில் தூக்கி வைத்தது, பனிக்காலத்தில் கையுறை மாட்டிவிட்டது எல்லாம் இவள்தான். அந்த வருஷங்களை ஓத்தகார் வேண்டுமென்றே செதுக்காமல் விட்டிருந்தார். ஆற்றங்கரையில் நின்று கையாட்டியவனை இவளுக்குத் தெரியவே தெரியாது.

அவர் அந்தக் கையின் நூல்களை அறுத்தார். டிரில்லை எதிர்ப்பக்கம் சுழலும்படி மாற்றி, இரண்டு வளையங்களையும் கழற்றினார். கழன்று வருவதற்கும் எட்டுச் சுற்றுதான்.

யோஹன்கா அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் மூடிக்கொண்டாள்.

"பெட்டிக்குள்ள அந்தக் கையை யாரு எடுத்து வெச்சாங்க?" என்று கேட்டாள். "என்னை யாருமே கூப்பிடலையே, பெரியப்பா. நல்லா வெச்சாங்களா?"

கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஏழு வாரத்து அழுகை.

ஓத்தகார் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் பார்த்தது தம்பியின் முகத்தை மட்டும்தான்.