ஆமாவா, இல்லையா?

"பெரிய மனுஷன் இனிமே வர மாட்டாருக்கா. நீ கேக்கை வெட்டு" என்றான் தம்பி கெர்பன்.

நின்கா கத்தியும் கையுமாக ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் வட்டமாகப் போட்டிருந்த பதினொரு நாற்காலிகளில் பத்தில் ஆள் இருந்தது. ஒன்று காலி. அது குடும்ப நண்பர் ஹெஸலுடையது. நின்காவின் புருஷன் சாலிங்கின் பிறந்தநாளுக்கு நாற்பது வருஷமாக ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை. இன்றைக்குப் பார்த்து அறுபத்தைந்தாவது பிறந்தநாள்.

"ஓட்டு வேணுங்கிறப்போ இந்த வீட்டு நாய்க்குட்டி பிறந்தநாளுக்குக்கூட வந்து கேக் தின்னாரு" என்றான் அவள் தம்பி. "இப்போ பேங்க், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஆட்டி வைக்கிற ஆணையத்துல உறுப்பினராச்சே. நம்ம வீட்டுக் காப்பி தொண்டையில இறங்குமா?"

"சும்மா இருடா" என்றார் சாலிங். ஆனால் அவரும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெஸல் பதினெட்டு வருஷம் ஹேக் நகரத்துப் பார்லிமென்டில் எம்.பி.யாக இருந்தவர். எந்தக் கேள்விக்கும் 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் அவர் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. "இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா?" என்று நின்கா கேட்டால்கூட, "அதை எல்லாக் கோணத்திலேர்ந்தும் பார்க்கணும்" என்பார். அதற்குள் அவள் வைத்துவிடுவாள். அவரும் தின்றுவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அரசியலை விட்டு நிதிக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் போனார். அதோடு சரி, இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

போன வாரம் நின்காவே போன் செய்தாள்.

"ஹெஸல், பிறந்தநாளுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"அதுல சில விஷயங்கள் இருக்கு நின்கா. ஒரு பக்கம் பார்த்தா..."

அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இருபது நிமிஷம் ஓடியது. போனை வைத்தபோது அவர் வருகிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்று கெர்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "மச்சான் நடத்துறதும் இன்சூரன்ஸ் சங்கம்தான். ஊர்ல செத்தவங்களை அடக்கம் பண்ற செலவுக்கு இன்சூரன்ஸ். பாவம், சின்ன சங்கம். புதுசா வந்த அதிகாரி, தான் ரொம்ப நேர்மையானவன்னு காட்டணும்னா முதல்ல யார் கழுத்துல கை வைப்பான்? கூட்டாளி கழுத்துலதான்."

நின்காவின் பார்வை பிஸ்கட் டப்பா பக்கம் போனது. கெர்பனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். காலையில் சாலிங் பெயருக்கு ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பிறந்தநாளும் அதுவுமாக மனுஷன் இதைப் பார்க்க வேண்டாம் என்று பிரிக்காமலே அந்த டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

கத்தியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெருங்கியவர்கள் பிறந்தநாளையெல்லாம் குறித்து வைக்கிற காலண்டர், அந்த ஊர் வழக்கப்படி, அங்கேதான் தொங்கியது. அதில் பெயர் ஏறுவது லேசில்லை. அவள் சொந்த அத்தை பெயர் ஏறவே எட்டு வருஷம் ஆனது.

மே ஒன்பது: ஹெஸல். அந்தப் பெயரைக் காகிதம் கிழிகிறவரை பேனாவால் அடித்தாள்.

திரும்பி வந்து, கடிதத்தை எடுத்துப் புருஷன் மடியில் போட்டாள்.

"இந்தாங்க. உங்க கூட்டாளி அனுப்பின பரிசு."

சாலிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்துப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அவர் காது இரண்டும் சிவந்துபோனது.

"எவ்வளவு அபராதம் மச்சான்?" என்றான் கெர்பன்.

சாலிங் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"எங்கள் உறுப்பினர் திரு. ஹெஸல், பதவியேற்றபோது நிரப்பிய படிவத்தில், 'கண்காணிப்புக்கு உட்பட்ட நிறுவனங்களில் உமக்கு நெருங்கிய நண்பர் எவரும் உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' எனக் குறியிட்டு, தங்கள் பெயரைத் தந்துள்ளார். ஆகவே தங்கள் சங்கம் குறித்த எந்த முடிவிலும் அவர் பங்கேற்க மாட்டார். பதவிக்காலம் முடியும்வரை தங்கள் இல்லத்துக்கும் அவர் வர இயலாது. படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

"பைத்தியமா அந்தாளுக்கு?" கெர்பன் எழுந்தே நின்றுவிட்டான். "'இல்லை'ன்னு போட்டுட்டு, பின்வாசல் வழியா வந்து கேக்கைத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே? எவன் பார்க்கப் போறான்?"

சாலிங் நகலைத் தூக்கிக் காட்டினார்.

"விளக்கம் எழுதறதுக்குக் கீழே அரைப் பக்கம் விட்டிருக்காங்க. ஒரு எழுத்து எழுதல."

"யாரு, ஹெஸலா?"

"வெறும் 'ஆம்'." அவர் அந்த ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "நாற்பது வருஷத்துல என்னை ஒரு தடவை வாயால நண்பன்னு சொன்னதில்லடா அவன்."

அவர்கள் மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் ஆண்களிடம் அதையெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. சாலிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். நின்காவைத் தேடித் திரும்பியபோது அவளைக் காணவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கெர்பன் கழிவறைக் கதவைப் படபடவென்று தட்டினான்.

"அக்கா, சீக்கிரம் வெளிய வா! நாலு கப் காப்பி குடிச்சிருக்கேன்!"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பொறுடா. மே மாசத்தை ஒட்டிக்கிட்டிருக்கேன்."